அமிர்தத்தின் மேல் ஒரு பிராது

தங்கதுரை வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அது அவர்கள் குற்றமில்லை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மீசை முளைத்த நாளிலிருந்து பால் மில் ஓட்டுகிறவன் தங்கதுரை. கல்மாவையும் களிமண்ணையும் தண்ணீரோடு சேர்த்து ராத்திரி பகலாக உருட்டி அரைக்கிற இரும்புப் பீப்பாய்தான் அந்த மில். உள்ளே கூழாங்கல் புரள்கிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. அதற்கு மேலே கத்திக் கத்தி அவனுடைய தொண்டை அந்த அளவிலேயே நின்றுபோய்விட்டது. வீட்டுக்குள் "தண்ணி குடு" என்று கேட்டால் தெருக்குழாயில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் அண்ணன் கோவிந்தசாமி சூளைக்குக் காற்று ஊதுகிற மிஷின் பக்கத்தில் நிற்கிறவன். அவனும் அப்படித்தான். கோவிந்தசாமியின் பெண்டாட்டி அமிர்தத்துக்கு மட்டும் மிஷின் எதுவும் தேவைப்படவில்லை. கோழியை விரட்டுவதற்கும் கோயிலில் கும்பிடுவதற்கும் அவளிடம் ஒரே குரல்தான் இருந்தது.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அமுதவள்ளிக்குத்தான் சத்தமே ஆகாத தலைவலி வந்து சேர்ந்தது. தலையெழுத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது.

தலைவலி வருவதற்கு முன்னால் இடது கண்ணின் ஓரத்தில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு வெளிச்சம் வரும். நெளிந்து நெளிந்து பெரிதாகும். பார்க்கிற முகத்தில் பாதி காணாமல் போகும். அப்புறம் பாதி மண்டையை யாரோ உரலில் போட்டு இடிக்கத் தொடங்குவார்கள். கருவாட்டுக் குழம்பு வாசம் பட்டால் வாந்தி. டி.வி. சத்தம் பட்டால் வாந்தி. அந்த வருடம்தான் அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. வீட்டுக்கு வந்திருந்தது. வள்ளி காலில் விழாத குறையாகக் கேட்டாள், கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள் என்று. தங்கதுரை குறைத்தான். குறைத்துவிட்டு, "இப்ப கேக்குதா?" என்று அவள் தலைமாட்டில் நின்று கத்தினான்.

தலைவலியாவது ஒரு நாளோ இரண்டு நாளோ இருந்துவிட்டுப் போகும். இன்னொன்று போவதே இல்லை. அது எங்கே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. காலையில் தோள்பட்டை, மத்தியானம் இடுப்பு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முழங்கால் என்று அது உடம்புக்குள் குடிமாறிக்கொண்டே இருந்தது. புடவைக் கொசுவம் இடுப்பில் அழுத்தினால் வலித்தது. வளையல் இடித்தால் வலித்தது. விடியவிடியத் தூங்கி எழுந்தாலும் கல் உடைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது. மகள் பிரபாவுக்குத் தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதியில் கை இறங்கிவிடும். பிரபா ஒற்றைச் சடையோடு ஸ்கூலுக்குப் போய் டீச்சரிடம் திட்டு வாங்கி வந்தாள். மறுநாளிலிருந்து பின்பக்க வாசலில் உட்கார்ந்து அமிர்தத்திடம் பின்னிக்கொண்டு போனாள்.

ஜங்ஷன் ரோட்டில் பார்க்காத டாக்டர் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கடலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில்.

"நார்மலுன்னா என்னாங்க?" என்று தங்கதுரை ஒரு டாக்டரைக் கேட்டான்.

"ஒன்னும் இல்லன்னு அர்த்தம்பா."

"ஒன்னும் இல்லன்னா வலிக்காதுல்ல?"

"வலிக்கக் கூடாது."

"வலிக்குதுங்குறாளே!"

டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தங்கதுரைக்குக் குழப்பம்தான், கோபமில்லை. சூளையிலிருந்து இறங்குகிற பொம்மையை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பொம்மை, சொத்தென்றால் உள்ளே விரிசல். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டே சத்தம்தான். சுண்டினால் கணீர் என்று ஒலித்துவிட்டு விரிசல் விட்டிருக்கிறேன் என்கிற பொம்மையை அவன் பார்த்ததில்லை. "ஒருவேள ஒனக்கு மனசுல எதாவுது இருக்குதா?" என்று ஒருநாள் கேட்டான். வள்ளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம். வலிக்கிறது என்றால், ஆமாம் வலிக்கத்தான் செய்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அந்த ஒரு ஆள் எங்கேயும் இல்லை.

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற சாக்கில் கம்மாபுரத்திலிருந்து தங்கதுரையின் அக்கா பாஞ்சாலை வந்தாள். அவளுக்குச் சந்தேகம் என்ற பேச்சே கிடையாது.

"எங்க நெலத்த நெய்வேலி சொரங்கத்துக்கு எடுத்தப்ப எனக்கு நெஞ்சு வலிச்சிச்சி. காரணம் இருந்திச்சி, வலிச்சிச்சி. காரணம் இல்லாம வலி வருமாடா? எவளோ வாயி வச்சிருக்கா."

"எவ வச்சா?" என்றான் தங்கதுரை.

"அதத்தான் அவள கேளு."

வள்ளி யோசித்தாள். யோசிப்பதே இப்போதெல்லாம் சேற்றில் நடக்கிற மாதிரிதான் இருந்தது. போன வருடம் சித்திரையில் குழாயடியில் ஒரு சண்டை. வரிசையில் அமிர்தத்தின் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள் வள்ளி. அமிர்தம் தெருவே அதிர, "எங் கொடத்தத் தள்ளுன கையி வெளங்காமப் போவ!" என்று மண்ணை வாரிப்போட்டாள். கோடைக்குக் கோடை குழாயடியில் இப்படி நாலு சாபம் விழும், மழைக்காலத்தில் மறந்துபோகும். அந்த மாதம்தான் கை வலிக்க ஆரம்பித்ததா, அதற்கு முன்பே வலித்துக்கொண்டிருந்ததா என்று வள்ளிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"முன்னாடியே இருந்த மாரியும் இருக்குது அண்ணி."

"மாரியும் இருக்குதுன்னா என்னா பேச்சு? கையின்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்பறம் என்னா. கொளஞ்சியப்பருக்கிட்ட பிராது கட்டு."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைவிட நம்பிக்கையான காரியம். மாடு காணாமல் போனால், கொடுத்த வாக்கை ஒருவன் மாற்றினால், புருஷன் வேறு வாசலில் செருப்பை விட்டால், ஒரு தாளில் குறையை எழுதிச் சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். முனியப்பர் குதிரை ஏறிப் போய் விசாரிப்பார். அதனால் ஊர், தெரு, கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் எழுத வேண்டும். காரியம் முடிந்ததும் வந்து பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

பிராது எழுதித் தருகிறவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன் அட்ரஸ் எழுதிட்டன். யாரு மேலம்மா பிராது?"

வள்ளி பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை சொன்னாள், "அமிர்தம். கோவிந்தசாமி பொண்டாட்டி."

"அவங்க அட்ரஸ்?"

"அதே வூடுதாங்க" என்றாள் வள்ளி.

மாமனார் கட்டிய ஒரே வீடு அது. அவர் போனபின் நடுவில் ஒரு செங்கல் சுவர் எழுப்பி அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், கதவு எண் மட்டும் ஒன்று. எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, 'மேற்படி முகவரி' என்று எழுதி முடித்தார். சாமி காலில் வைத்து விபூதி மடித்துக் கொடுத்தார்கள். வேலில் கட்டும்போது வள்ளிக்கு முடிச்சுப் போடக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை. பாஞ்சாலைதான் இறுக்கிக் கட்டினாள்.

சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தது. வள்ளி கையைத் தூக்கி மகளுக்குத் தலைகூடப் பின்னிவிட்டாள். பாஞ்சாலைக்குத் தலைகால் புரியவில்லை. ஆவணி பிறந்தது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை போகிற காலம், பேட்டையில் எல்லாக் கம்பெனியிலும் வேலை நெரிக்கும். வள்ளிக்குப் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் ஒட்டுக்கோடு தெரியும். அதைக் கத்தியால் மெல்லச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பிள்ளையாருக்குத் துதிக்கை போய்விடும். அவளுக்கு எதிர் மணையில் அமிர்தம். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே கொட்டகை. அங்கேதான் வலி திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. பஞ்சைப் பிழிய முடியவில்லை. தலைவலியும் வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொண்டது.

மறுபடியும் பாஞ்சாலை வந்தாள். உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டே யோசித்தாள்.

"எனக்கு இப்பதான்டா வெளங்குது. எதிரி அட்ரஸ்ஸு மேற்படின்னு எழுதுனான் பாரு, அதான் தப்பு. முனியப்பரு குதிரையில வர்றாரு. ஒரே நம்பரு. மொதல்ல எந்த வாசல்ல எறங்குவாரு? முன் வாசல்ல. முன் வாசலு ஒங்களது."

"சாமிக்குத் தெரியாதா?" என்று கத்தினான் தங்கதுரை.

"சாமிக்குத் தெரியும்டா! எழுதுனது தப்புன்னா சாமி என்னா பண்ணும்? அமிர்தத்துக்கு விழ வேண்டிய அடி இவளுக்கு விழுவுது!"

"அப்ப திருப்பி எழுதணுமா? பின் வாசலுன்னு போட்டு?"

"மெதுவா பேசுங்களன்" என்று வள்ளி கெஞ்சினாள். நடுச்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அக்காவும் தம்பியும் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார்கள்.

வள்ளி ராத்திரி முழுக்க வேறொன்றை நினைத்துக்கொண்டு கிடந்தாள். முனியப்பர் வாசல் தப்பி வரவில்லை. சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறார். குற்றம் செய்யாதவள் மேல் பிராது கட்டினால் அடி யாருக்கு விழும்? அப்படியானால் பிராதுக்கு முன்னால் வலித்ததே, அது எதற்கு? அதற்கு அமிர்தம் காரணமென்றால் இப்போது வலிப்பது எதற்கு? எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு நூல் மிச்சம் நின்றது.

போதாததற்குப் புத்தியும் தடுமாற ஆரம்பித்தது. உப்பு போட்டோமா என்று மறந்து இரண்டு தரம் போட்டாள். சூப்பர்வைசர் பெயர் வாயில் வராமல் நின்றாள். இதைவிட வினோதம் பலகையில் நடந்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தால், தான் துடைத்து அடுக்கியதாக நினைவில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பொம்மைகள் பலகையில் நிற்கும். ஒருநாள் சரஸ்வதி பொம்மை ஒன்று வீணையோடு நின்றது. அவள் காலையிலிருந்து சரஸ்வதியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வாள். ஆனால் யாரிடம் செய்வது? உடம்பைத்தான் யாரும் நம்பவில்லை என்றால், இப்போது அவளுக்கே அவளை நம்ப முடியவில்லை. கழிவறைக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நவராத்திரி முடிந்து வேலை தணிந்ததும், ஜங்ஷன் ரோட்டு டாக்டரம்மா ஒருத்தி எழுதிக்கொடுத்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இளவயதுக்கார டாக்டர் ஒருவர் பழைய எக்ஸ்ரே எதையும் முதலில் பார்க்கவில்லை. அவளை உட்காரவைத்துக் கழுத்தடியில், தோளில், முழங்கையில், இடுப்பில், முழங்காலுக்கு உள்பக்கம் என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு இடத்திலும் வள்ளி அலறினாள். வெளியே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டு வியாதிம்மா ஒனக்கு. தலைவலி மைக்ரேன். ஒடம்பு வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு. ரெண்டும் ஒருத்தருக்கே வர்றது உண்டு. மறதி, தூக்கம் பத்தாதது, எல்லாம் இதுல சேர்த்திதான்."

தங்கதுரை முன்னால் வந்தான். "எல்லா டெஸ்ட்டுலயும் நார்மலுன்னாங்களே!"

டாக்டர் காதைத் தடவிக்கொண்டார். "ஒங்க வூட்ல டி.வி. இருக்குதா? சவுண்ட எச்சா வச்சா சாதாரண பேச்சே எரைச்சலா கேக்குமில்ல? டி.வி.யப் பிரிச்சுப் பாத்தா உள்ள ஒன்னும் கெட்டுருக்காது. இவங்க ஒடம்புல வலியோட சவுண்டு எச்சா வச்சிருக்குது. தொட்டாலே வலிக்கும். பொய்யில்ல."

"கொறைக்க முடியாதுங்களா?"

"மாத்திரை தரேன். தெனம் கொஞ்சம் நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். கொஞ்சம் கொறையும். சுத்தமா போவும்னு நான் சொல்லமாட்டேன். இதோட இருக்கப் பழகிக்கணும்."

வள்ளி கேட்டாள். "யாரு செஞ்சதுங்க இது?"

டாக்டருக்குப் புரியவில்லை. "யாரும்மா செய்வாங்க? யாரும் செய்யல. சில பேருக்கு வருது. ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியல."

யாரும் செய்யவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. எதிரி என்று ஒருத்தி இருந்தவரைக்கும் வலிக்கு ஒரு கதவு எண் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. முனியப்பர் வேலில் மட்டும் அமிர்தத்தின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. நெய்வேலி தாண்டும்போது தங்கதுரை அவள் பக்கம் குனிந்து, அவனால் முடிந்த அளவு மெதுவாக, "பொய்யில்லன்னு சொல்லிட்டாருல்ல" என்றான். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை அமிர்தம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது வள்ளி போய் நின்றாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"ஆடியில ஒங்க மேல பிராது கட்டிட்டன்."

அமிர்தம் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்பிடிக்கா?"

"ஒங்க வூட்டுல பேசுறது மங்கலம்பேட்ட வரைக்கும் கேக்குது, எனக்குக் கேக்காதா? முன் வாசலு, பின் வாசலுன்னு ஒன் நாத்தனா வெவரமா சொன்னாளே. அப்பவே கேட்டன்." கீரைக் காம்பை வீசி எறிந்தாள். "நீ வந்து சொல்லுறியான்னு பாத்துக்கிட்டு இருந்தன். இம்மா நாளு."

"தப்பு பண்ணிட்டன். ராஜினாமா பண்ணிடுறன்."

"எம் மேல போட்ட பிராத எங் கண்ணு முன்னால எடு. நானும் வரேன்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் தீபாவளிக்கு எடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

முதல்நாள் மழை பெய்து விட்டிருந்தது. கோயில் முன்னால் தேங்கிய தண்ணீரெல்லாம் வெயிலில் கண்ணைக் குத்தியது. யாரோ குழந்தைக்குக் காது குத்த மேளம் வைத்திருந்தார்கள். பிராது எழுதித் தந்த கண்ணாடிக்காரர் அதே இடத்தில் இருந்தார். வள்ளி ஆடியில் எழுதிய வலிப் பிராதை நினைவுபடுத்தினாள்.

"ராஜினாமாவா? நல்லது. கோரிக்கை நெறைவேறிடுச்சா?"

"இல்லீங்க."

"வலி போயிடுச்சா?"

"போவலீங்க. போவாதாம்."

"அப்பறம் எதுக்கும்மா ராஜினாமா?"

"தப்பான ஆளு மேல போட்டுட்டன்."

"சரி, சரியான ஆளு யாரு? அவங்க மேல புதுசா எழுதிடலாம்."

"யாரும் இல்லீங்க. எதிரியே இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதிரி இல்லாம எப்பிடிம்மா எழுதுறது? சாமி யாரப் போயி விசாரிக்கும்?"

"யோவ்!" என்றாள் அமிர்தம். தவில்காரன் ஒரு அடி தப்ப விட்டான். "அதான் இல்லங்குறால்ல? இல்லன்னே எழுதேன்யா! அமிர்தத்து மேல ஒன்னுமில்ல, யாரு மேலயும் ஒன்னுமில்ல, இவளுக்கு வலிக்குது. அவ்வளவுதான. எழுது!"

அவர் அப்படியே எழுதினார். தாளைச் சாமி காலடியில் வைத்து வாங்கி வெளியே வரும்போது வள்ளியின் இடது கண் ஓரத்தில் அந்த வெளிச்சம் நெளிய ஆரம்பித்தது. கொடிமரம் பாதி போனது. மேளம் மண்டைக்குள் இறங்கியது. அரசமரத்தடி வரைக்கும் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு வேரில் சாய்ந்தாள். அமிர்தம் குழாய்க்குப் போய்ப் புதுப்புடவை முந்தானையை முழுசாக நனைத்துக்கொண்டு வந்து, அவள் கண்ணோடு சேர்த்து நெற்றியை மூடினாள். வெளிச்சம் போனது.

அப்புறம் அமிர்தம் பேச ஆரம்பித்தாள்.

"ஏன்டி, நீயெல்லாம் ஒரு மனுசியா? கையி வெளங்காமப் போவன்னு நான் ஆயிரம் பேரச் சொல்லியிருக்கன். எவளுக்குடி வெளங்காமப் போச்சி? ஒனக்கு மட்டும் என்னாடி? நீ கொட்டாயில கைய ஒதறிக்கிட்டு நிக்குறத பாக்குறப்ப எனக்கு பயமா இருக்குது. நம்ம வாயிதான் பலிச்சிடுச்சோன்னு. பிராது போட்டுட்டன்னு தெரிஞ்சதும் எனக்கு எப்பிடி இருந்திச்சி தெரியுமா? செருப்பால அடிக்கலாம்னு இருந்திச்சி. அப்பறமும் ஒம் பலகையில ரெண்டு பொம்ம எடுத்து வச்சன் பாரு, என்னத்தான் அடிச்சிக்கணும். பயத்துல வச்சனா, பாவம்னு வச்சனா, எனக்கே தெரில. அந்த சரஸ்வதிக்கு வீண ஒடையாம சீவறதுக்குள்ள எங் கழுத்து போயிடுச்சி. ஒரு வார்த்த கேட்டியாடி, இது எப்பிடி வந்திச்சின்னு?"

வள்ளி ஈரத்துணிக்கு அடியில் கண்ணைத் திறந்தாள். பலகை. தன் புத்தி போகவில்லை. ஆனால் அவளை அசையாமல் நிறுத்தியது அது இல்லை. இத்தனை பேச்சும் காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்றின் அளவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, அவ்வளவு கோபத்தையும் கிசுகிசுப்பாக இறக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் கூப்பிட்டால் பேட்டை வரைக்கும் கேட்கிற குரல். சத்தம் வைத்தால் இவளுக்கு வலிக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

வள்ளிக்கு அழுகை வந்தது. அழுதால் தலை இன்னும் இடிக்கும், அடக்கிக்கொண்டாள்.

"அக்கா."

"என்னாடி?"

"திட்டுங்கக்கா."

அமிர்தம் துணியைத் திருப்பி ஈரமான பக்கத்தை வைத்து, இன்னும் கொஞ்சம் குனிந்து, திட்ட ஆரம்பித்தாள்.